கப்பல் கொயரில் முதல் முறை பாடப்போகிறீர்களா? தேவாரம் பாடிப் பழகிய தொண்டைக்கு ஒரு செய்முறை

கோயிலில் தேவாரமோ பஜனையோ பாடிப் பழகியவர் நீங்கள். பல குரல் வரிசைகள் சேர்ந்து பாடும் கொயரில் நின்றதில்லை. கப்பல் விடுமுறையில் பயணிகளே சேர்ந்து பாடும் குழு ஒன்று உண்டு என்று கேட்டதிலிருந்து ஆசை வந்திருக்கிறது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அத்தையும் அப்படித்தான் சேர்ந்தோம். பெரும்பாலும் குரல் தேர்வெல்லாம் வைக்க மாட்டார்கள், தயங்காமல் போங்கள்.

படி 1: பயணத்தைப் பார்த்து எடுங்கள்

ஒத்திகை நடப்பது கரை தொடாத கடல் நாட்களில். பினாங்கு ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் பையர் துறைமுகத்தில் ஏறி, பூக்கெட், லங்காவி பார்த்துத் திரும்பும் குட்டிப் பயணங்களில் கடல் நாளே குறைவு. அவற்றில் பெரும்பாலும் கரவோக்கேதான் இருக்கும். கடல் நாட்கள் நிறைய உள்ள நீண்ட பயணமாகப் பாருங்கள். ஏறியதும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் 'கெஸ்ட் கொயர்' அல்லது 'பாசஞ்சர் கொயர்' இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் ஒத்திகைக்குக் கட்டாயம் போய்விடுங்கள், குரல் பிரிப்பது அன்றைக்குத்தான்.

படி 2: உங்கள் வரிசை எது?

பெண்கள் என்றால் சோப்ரானோ (மேல் குரல்), ஆல்ட்டோ (கீழ்க் குரல்). ஆண்கள் என்றால் டெனர் (மேல்), பேஸ் (கீழ்). நம் பாட்டில் அவரவர் குரலுக்கு ஏற்ற கட்டையை, அதாவது ஸ நிற்கும் சுருதி உயரத்தை, வைத்துக்கொள்ளலாம். கொயரில் அந்த வசதி இல்லை. பாட்டின் சுருதி முன்பே முடிவானது, நாம்தான் நமக்கு ஒத்துவரும் வரிசையில் போய் நிற்க வேண்டும்.

அத்தை ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர், கணீரென்ற குரல். அதைக் கேட்டதும் சோப்ரானோ பக்கம் அனுப்பிவிட்டார்கள். சோப்ரானோ வரிசை அடிக்கடி மேலே ஜி (G) என்ற மேற்கத்திய சுரம் வரை ஏறும். ஐந்தரைக் கட்டைக்காரருக்கு அது தாரஸ்தாயி நிஷாதம், அதாவது மேல் ஸ்தாயியின் நி! நாம் பாடிப் பழகிய நெஞ்சுக்குரல் அங்கே எட்டாது, தலைக்குரல் வேண்டும். அதனால் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்கள் நேராக ஆல்ட்டோ கேளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கேட்டால் மாற்றிவிடுவார்கள். ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்குத் தாரஸ்தாயி பஞ்சமம் சிரமமில்லாமல் வந்தால் டெனர், மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ப) நன்றாக முழங்கினால் பேஸ்.

படி 3: பக்கத்துக் குரலுக்கு நழுவாமல் நிற்பது

என்னை அதிகம் திணறடித்த இடம் இதுதான். மெட்டு சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்ட்டோவுக்குக் கிடைப்பது அதற்குக் கீழே ஓடும் வேறொரு வரி. சின்ன வயதிலிருந்து எல்லாரும் ஒரே மெட்டைப் பாடித்தான் நமக்குப் பழக்கம். இரண்டு வரி போவதற்குள் காது மெட்டைப் பிடித்துக்கொள்ளும், வாயும் அங்கேயே போய்விடும்.

பெரும்பாலும் கையில் கொடுப்பது பாட்டு வரிகள் மட்டுமே உள்ள தாள். அதில் சொற்களுக்கு மேல் பென்சிலால் சுரம் எழுதுங்கள். பாட்டு மேஜர் ஸ்கேல் என்ற மேற்கத்திய சுர வரிசையில் இருந்தால் நம் சங்கராபரண ராகத்தின் சுரங்கள், நேச்சுரல் மைனர் என்ற வரிசையில் இருந்தால் நடபைரவி ராகத்தின் சுரங்கள். எந்தச் சுருதியானாலும் அதையே ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணம்: மேலே மெட்டு ப ம க ரி க என்று இறங்கினால், ஆல்ட்டோ க ரி ஸ நி ஸ என்று வரும். இப்படி எழுதிவிட்டால் அது உங்களுக்கு ஒரு தனிப் பாட்டு. "எழுத்தைப் பார்க்காதீங்க அத்தை, சுரத்தைப் பார்த்துப் பாடுங்க" என்று சொன்னேன். அத்தை மறு ஒத்திகையில் அசையாமல் நின்றார்.

தொடக்கச் சுரம் இன்னொரு சிக்கல். பியானோவில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்துவார்கள், அதில் உங்களுடையது எது? முதலில் ஸ-வைப் பிடியுங்கள். பிறகு மனத்துக்குள் ஸ ரி க என்று ஏறி உங்கள் சுரத்தில் நில்லுங்கள். வாய் திறப்பதற்கு முன்பே அது காதில் ஒலிக்க வேண்டும்.

ஆல்ட்டோ வரியைத் தனியாக வாசிக்கும்போது, அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முழுக் குழு பாடும் பதிவு வேண்டாம், அதில் மெட்டுதான் கேட்கும். பியானோ செயலியைவிடத் தம்புராச் செயலியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஸ ஓடிக்கொண்டே இருந்தால் நழுவும்போது உடனே தெரியும்.

படி 4: அசைக்காமல் பாடுங்கள்

ம, நி வந்தால் நம் தொண்டை தானாகவே கமகம் போடும், அதாவது சுரத்தை அசைக்கும். தனியாகப் பாடும்போது அது அழகு, கொயரில் பக்கத்துக் குரலோடு மோதும். சுரத்தை நேராக, ஆடாமல் பிடியுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளை கொயர் நடத்துநரின் கை மூடும்போது மட்டும் சொல்லுங்கள். ஒருவர் முந்தினாலும் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

படி 5: தொண்டையும் காலும்

கப்பல் ஏர்கண்டிஷன் தொண்டையை நன்றாகக் காய வைக்கும். ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். கெட்டில் வேண்டாம், பல கப்பல்களில் அதை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சுடுதண்ணீர் பஃபேயில் கிடைக்கும். மெந்தால் மிட்டாய் எனக்குப் பிடிக்காது. தொண்டையை மரக்கச் செய்வதால் வலி தெரியாமல் கத்திவிடுவோம். பனங்கற்கண்டு போதும், புறப்படும் முன் ஜார்ஜ் டவுனின் லெபு பசார் தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

நிற்கும்போது கால்களைச் சற்று அகட்டி, முட்டியை இறுக்காமல் நில்லுங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதிதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தமான் கடல் ஆட்டும். குமட்டலுக்கான மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்தித் தூக்கம் வரவைக்கும். பாடும் நாளில் முதன்முறையாகப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

பின்சேர்க்கை: புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஓர் அக்கா, நடுக்கடலில் தம்புராச் செயலி திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். சில செயலிகளுக்கு இணையம் வேண்டும், கப்பல் வைஃபையோ விலை அதிகம். வீட்டிலேயே இறக்கி, கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், உங்கள் கட்டையிலும் பக்கத்துக் கட்டைகளிலும் தம்புராவைப் பத்துப் பத்து நிமிடம் ஒலிப்பதிவாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பாட்டு எந்தச் சுருதியில் வரும் என்பது முதல் ஒத்திகையில்தான் தெரியும் என்பதால், நான் ஒன்று முதல் ஏழு வரை எல்லாக் கட்டையையும், அரைக் கட்டைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.