பார்ட் கமிங்ஸைப் பார்த்து குதிரை டிரெய்னர் ஆவது எப்படி

குதிரை டிரெய்னர் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கழுத்தில் தொங்கும் பைனாகுலரும், ஜெயித்த குதிரைக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் போட்டோவும்தான். அந்தப் போட்டோவுக்கு இரண்டு நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, லத்தி வாடையில் குனிந்து உட்கார்ந்து, பேசத் தெரியாத ஒரு பிராணியின் காலைத் தடவி அதற்கு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. இதற்குத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

யாரைப் பார்த்துக் கற்பது? நான் கைகாட்டுவது ஆஸ்திரேலியாவின் பார்ட் கமிங்ஸை. 1927இல் அடிலெய்டில் பிறந்து 2015இல் மறைந்தவர். நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாயன்று மெல்போர்னில் ஃபிளெமிங்டன் மைதானத்தில் நடக்கும் மெல்போர்ன் கோப்பையை 12 முறை ஜெயித்தவர். 3200 மீட்டர் ஓட்டம், 24 குதிரைகள் வரை ஓடும், நல்ல குதிரைக்கு முதுகில் எடையும் கூடுதல். அதில் ஒரு முறை ஜெயித்தாலே காலம் முழுக்கப் பேசுவார்கள்.

எங்கே தொடங்குவது

கமிங்ஸின் அப்பா ஜிம்மும் டிரெய்னர். அவர் தயார் செய்த காமிக் கோர்ட் 1950இல் அதே கோப்பையை ஜெயித்தபோது, குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தவர் மகன் பார்ட். சொந்த லைசென்ஸ் 1953இல்தான் வந்தது. இதில் வேடிக்கை, அவருக்கு ஆஸ்துமா. குதிரையும் காய்ந்த புல்லும் ஒத்துக்கொள்ளாது, லாயத்துப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனார்.

அப்பா டிரெய்னராக இல்லாதவர்கள் ஒரு லாயத்தில் ஸ்ட்ராப்பராகச் சேர வேண்டும். கிண்டி ரேஸ் பக்கம் சைஸ் என்பார்களே, குதிரையைத் தேய்த்துக் கவனித்துக்கொள்ளும் ஆள், அதே வேலைதான். அங்கிருந்து ஃபோர்மேன், பிறகு உதவி டிரெய்னர், அப்புறம்தான் லைசென்ஸ். ஆஸ்திரேலியாவில் அதை மாநிலத்துக்கு மாநிலம் உள்ள ரேஸ் நிர்வாகம் கொடுக்கிறது. குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்பதோடு கையில் காசு இருக்கிறதா, பெயர் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஸ்ட்ராப்பர் வேலையைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பிறகு உங்களிடம் வேலை பார்ப்பவர் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

குட்டியைப் பார்ப்பது

கமிங்ஸ் நியூசிலாந்துக் குதிரைகளை விரும்பினார். அவருக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த லைட் ஃபிங்கர்ஸ் (1965), அடுத்த வருடம் ஜெயித்த கலிலீ, பின்னால் வந்த திங்க் பிக் எல்லாம் அங்கே பிறந்தவை. ஏலத்தில் ஒரு வயதுக் குட்டியைப் பார்க்கும்போது வம்சாவளிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதை நடக்க விடச் சொல்லுங்கள். பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா? தலையை ஆட்டாமல், அவசரப்படாமல் நடக்கிறதா? நேரே எதிரில் நின்று கால்கள் உள்ளே வெளியே வளைகின்றனவா என்றும் பாருங்கள். வம்சத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் படித்தால் கண் பொய் சொல்லத் தொடங்கும், பெரிய அப்பன் பெயரைப் பார்த்துவிட்டால் கோணல் கால்கூட நேராகத் தெரியும்.

காலும் தொட்டியும்

தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காலையில் லாயத்துக்குள் போனதும் குதிரையின் முகத்தைப் பார்க்கும் முன் தீவனத் தொட்டியைப் பாருங்கள். நேற்று ராத்திரி போட்ட ஓட்ஸை நக்கித் துடைத்திருக்கிறதா, இல்லை ஒரு கைப்பிடி மிச்சம் வைத்திருக்கிறதா? நன்றாகத் தின்கிற குதிரை திடீரென்று மிச்சம் வைத்தால் காய்ச்சல் வரப்போகிறது, அல்லது வலி இருக்கிறது, அல்லது நீங்கள் அதை அதிகமாக விரட்டிவிட்டீர்கள். குதிரைக்கு உடம்பு ஐந்நூறு கிலோ இருந்தாலும் வயிறு சின்னது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட வேண்டும், ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அடுத்து வெப்பமானி. 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி.

அப்புறம் கால். முன்னங்காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகக் கயிறு போல ஓடும் தசைநாணை விரல்களுக்கு நடுவில் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக வாருங்கள். பிறகு அடுத்த கால். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், கயிறு இறுக்கமாகவும் விளிம்பு தெளிவாகவும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இளஞ்சூடு, லேசான கொழகொழப்பு, அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறது என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. நொண்டவில்லையே என்று ஓட விட்டீர்களானால் தசைநாண் கிழிந்து ஒரு வருடம் போய்விடும், சில குதிரைகள் திரும்பி வருவதே இல்லை. கைக்குப் பழக்கம் வர நாளுக்கு இருபது கால் தடவ வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

லாயம் என்றால் ஈயும் இருக்கும், அந்த விஷயத்தில் கமிங்ஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சுகாதார அதிகாரி வந்து லாயத்தில் ஈ அதிகமாக இருக்கிறது என்றாராம். இவர் அசையாமல், "எத்தனை ஈ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு?" என்று கேட்டாராம்.

10,000 மீட்டர் கணக்கு

3200 மீட்டர் ஓட வேண்டிய குதிரைக்கு, அந்த நாளுக்கு முன் அந்தப் பருவத்தில் மொத்தம் 10,000 மீட்டர் அளவுக்காவது ரேஸ் ஓடிய பழக்கம் காலில் இருக்க வேண்டும் என்பது கமிங்ஸின் கணக்கு. பயிற்சி ஓட்டம் இதில் சேராது, நிஜ ரேஸ் மட்டும்தான். 1400, 1600 என்று சின்னதில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவது. 1991இல் லெட்ஸ் இலோப் என்ற பெண் குதிரை அந்தப் பருவத்தில் கடைசியாக ஓடிய நான்கு ரேஸ்களைப் பாருங்கள்: 2000 மீட்டர் டர்ன்புல் ஸ்டேக்ஸ், 2400 மீட்டர் கால்ஃபீல்டு கோப்பை, கோப்பைக்கு மூன்றே நாள் முன்னால் சனிக்கிழமை 2000 மீட்டர் மெக்கின்னன், செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பை. நான்கும் ஜெயித்தது. அதே லாயத்தின் ஷிவாஸ் ரிவெஞ்ச் இரண்டாவதாக வந்தது.

இதை அப்படியே எல்லாக் குதிரைக்கும் பிரயோகித்துவிடாதீர்கள். தீவனத்தை மிச்சம் வைக்கிற குதிரைக்கு மூன்று நாளில் இரண்டு ரேஸ் என்பது கொலை. தொட்டியைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

இடையில் வரும் ரேஸ்களைத் தோற்றாலும் பதறக் கூடாது. திங்க் பிக் 1974இல் கோப்பையை ஜெயித்தது, மறுபடி 1975இல் ஜெயித்தது, நடுவில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. அந்த ஒரு வருடம் உரிமையாளருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆகவே குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போதே உரிமையாளரையும் தேர்ந்தெடுங்கள். திங்க் பிக்கின் உரிமையாளர்களில் ஒருவரான மலேசியாவின் டத்தோ டான் சின் நாம் கடைசி வரை கமிங்ஸோடு இருந்தார். 1996இல் ஜெயித்த செயிண்ட்லி, 2008இல் ஜெயித்த வ்யூட் இரண்டிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பணம்

ஆஸ்திரேலியாவில் டிரெய்னருக்கு வழக்கமாகப் பரிசுத் தொகையில் 10 சதவீதம், ஜாக்கிக்கு 5. இதற்கு மேல் குதிரைக்கு இவ்வளவு என்று உரிமையாளர் நாள் கூலி தருவார். கூலி தீவனத்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் போய்விடும், லாபம் அந்தப் பத்தில்தான். பங்கு வாங்க ஆள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குதிரையை முன்கூட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். 1989இல் கமிங்ஸ் அதைத்தான் செய்தார். கூட்டாகப் பங்கு விற்கும் திட்டத்தை நம்பிக் கோடிக்கணக்கான டாலருக்குக் குட்டிகள் ஏலம் எடுத்தார், பொருளாதாரம் சரிந்தது, பங்கு வாங்க ஆளில்லை, கடன் அவர் தலையில் விழுந்தது. அடுத்த வருடமே கிங்ஸ்டன் ரூல் 3 நிமிடம் 16.3 விநாடியில் சாதனை நேரத்தோடு கோப்பையை வாங்கிக் கொடுத்தது. எல்லாருக்கும் அப்படிக் குதிரை வந்து காப்பாற்றாது.

ஓய்வு பெறும் வயது என்று இந்தத் தொழிலில் ஒன்றும் கிடையாது. வ்யூட் மூக்கு நுனி வித்தியாசத்தில் பாவர் என்ற குதிரையைத் தோற்கடித்தபோது கமிங்ஸுக்கு 81 வயதாகப் பத்து நாள் பாக்கி. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

உங்கள் குதிரை ஜெயித்தால் அன்றைக்கு ராத்திரி கொண்டாடுங்கள், ஆனால் அலாரத்தை மாற்ற வேண்டாம். ரேஸ் ஓடிய மறுநாள் காலைதான் காலில் சூடு தெரியும்.