வீட்டில் ஆபீஸ் ரூம்: குமரி மாவட்டத்தில் வீடு கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வதிபுரம், ஆசாரிபள்ளம், சுங்கான்கடை என்று நாகர்கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் புது வீட்டு பிளானில் இப்போது 'ஆபீஸ் ரூம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெங்களூரு, சென்னை கம்பெனிகளுக்கு ஊரில் இருந்தபடியே வேலை செய்கிறவர்கள், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போய்வருகிறவர்கள் இந்த அறையைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அதற்குள் உட்கார்ந்து எட்டு மணி நேரம் பேச முடியுமா என்ற யோசனை வருவது பெரும்பாலும் பால்காய்ச்சு முடிந்த பிறகுதான்.

மாடி ஷீட்டுக்குக் கீழே ஆபீஸ்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். மொட்டை மாடியில் இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) அடித்து, ஷீட் போட்டு, சுற்றிலும் பிளாக் கட்டி 'ஆபீஸ் மேலே' என்று முடித்துவிடுகிறார்கள். வெயிலை ஏசி போட்டுச் சமாளிக்கலாம். மழையை என்ன செய்வது? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஷீட்டில் மழை அறையும்போது அதே அறையில் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக்கின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு மழை மட்டும்தான் கேட்கும்.

அடியில் பிவிசி சீலிங் அடித்தால் போதும் என்பார்கள். போதாது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், பிவிசிக்கு அது கிடையாது. 50 மி.மீ. ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) வைத்து, அதன் கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கை, டிரஸ்ஸோடு நேரே இறுக்காமல் தனிச் சட்டத்தில் தொங்கவிட்டால் சத்தம் நன்றாகக் குறையும். முழுதாக நிற்காது. அந்தப் பணத்தைச் செலவழிப்பதைவிட, கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் ஒரு படுக்கையறையை ஆபீஸ் ஆக்கிவிட்டு, மேலே ஷீட்டை நிழலுக்கு மட்டும் விடுவது மேல். தளம் சூடேறாது, துணியும் காயும். டிரஸ் கால்களைக் கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் மட்டும் பதிக்காதீர்கள். தூணோ பீமோ வரும் இடத்தில் பேஸ் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மிக்ஸிக்கு மறுபக்கம் மேஜை

சுவரின் கனத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஓட்டைகளைப் பார்ப்பதில்லை. இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவரே பேச்சுச் சத்தத்தை ஓரளவு நன்றாக மறிக்கும். அதைக் கெடுப்பது கதவுக்கு மேலே விடும் வென்டிலேட்டர், கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி, உள்ளே வெற்றிடமான பிவிசி கதவு. 35 மி.மீ. திடமான பிளஷ் டோர் போட்டு, நிலையைச் சுற்றி ரப்பர் சீல், அடியில் பிரஷ் சீல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆபீஸுக்கும் அடுக்களைக்கும் ஒரே சுவர் என்றால், மிக்ஸி வைக்கும் மேடையை அந்தச் சுவரில் சேர்க்காமல் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். அதிர்வு கல் மேடை வழியாகவே வந்துவிடும். மீன்காரர் ஹாரன், கோயில் கொடை, சர்ச் திருவிழா ஸ்பீக்கர் எல்லாம் ரோட்டுப் பக்கம் இருப்பதால், வாசலை ஒட்டிய அறை ஆபீஸுக்கு ஆகாது. வாடிக்கையாளர் நேரில் வரும் தொழில் என்றால் மட்டும் முன்னறை, தனிக் கதவோடு.

பத்துக்குப் பத்து சதுர அறை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று இருந்தால் குரல் கிணற்றில் பேசுவது போல எதிரொலிக்கும். பத்துக்கு எட்டே போதும். ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனமான துணித் திரை, தரையில் ஒரு விரிப்பு இருந்தால் சரியாகிவிடும்.

மேஜையைக் கொத்தனார் கிரானைட்டில் கட்டித்தருவதாகச் சொன்னால் உயரத்தை நீங்களே அளந்து சொல்லுங்கள். அடுக்களை மேடைக் கணக்கில் 33 அங்குலத்தில் கட்டிவிடுவார்கள். உட்கார்ந்து தட்டச்சு செய்ய 29 அங்குலம் போதும். ஆழம் இரண்டரை அடி, ஆளுக்கு நாலு அடி அகலம். கணவன், மனைவி இருவருக்கும் மீட்டிங் உண்டு என்றால் ஒரே அறையில் இரண்டு மேஜை போட்டுப் பயனில்லை, இரண்டு இடம் வேண்டும்.

வடக்கு ஜன்னலை நம்பி ஏமாறுவது

முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கேமராவில் முகம் கறுத்துத் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைப் போடுங்கள். 'வடக்குப் பக்கம் வெயிலே வராது' என்று படித்ததை நம்பி அங்கே சன்ஷேட் வைக்காமல் விடுகிறவர்கள் உண்டு. நாம் இருப்பது சுமார் 8 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். உச்சியை ஒட்டி நிற்பதால் இரண்டடி சன்ஷேட் தாராளம். ஆனால் அது இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு எந்த சன்ஷேட்டும் உதவாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்றும் மேற்கிலிருந்துதான் வரும், மண்ணோடு.

பூச்சுக்கு முன் போட வேண்டிய பைப்

ஃபைபர்காரர் வரும்போது ஜன்னல் சட்டத்தைத் துளைத்து, டிவிக்குப் பின்னால் மோடம் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். ஆபீஸோ மாடியில். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மெலிந்துவிடும். காம்பவுண்டு சுவரில் இருந்து மோடம் வரும் இடம் வரை 25 மி.மீ. பிவிசி பைப் ஒன்று, அங்கிருந்து ஒவ்வொரு வேலை இடத்துக்கும் கேட்-6 நெட்வொர்க் கேபிளுக்கு இன்னொன்று, உள்ளே இழுகம்பியோடு போட்டுவிடுங்கள். வளைவில் குறுகிய எல்போ வேண்டாம், நீள பெண்டு போடச் சொல்லுங்கள். சாதாரண ஃபைபர் 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழே மடங்கினால் சிக்னல் கசியும். மின்வயர் பைப்பில் இருந்து ஓர் அடி தள்ளிப் போகட்டும்.

இன்வெர்ட்டர் லைன் ஆபீஸுக்கு வந்திருக்கும், மோடம் பெட்டியின் பிளக் அதில் இருக்காது. கரண்ட் போனதும் லேப்டாப் ஓடும், நெட் நின்றுவிடும். கணக்கு இப்படி: லேப்டாப் 65 வாட்ஸ், மானிட்டர் 30, பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) 30, லைட் 15, மோடமும் ரவுட்டரும் 20, ஆக 160. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இழப்பெல்லாம் போக ஏறத்தாழ 1,000 வாட்-மணி எடுக்கலாம். ஆறு மணி நேரம் ஓடும். பராமரிப்பு மின்தடையைத் தாண்டிவிடலாம். அதே பேட்டரியில் ஹாலின் மூன்று பழைய ஃபேனும் டிவியும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். ஆபீஸுக்குத் தனி இன்வெர்ட்டர் சர்க்யூட் வேண்டும் என்று வயரிங்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இடி மின்னலில் மோடம் கருகாமலிருக்க, மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி), நல்ல எர்த் இரண்டும் சேர்ந்து வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது.

மனையிலேயே தொடங்கும் தவறு

ஏலாவில், அதாவது வயலில், செம்மண் அடித்து நிரப்பிய மனை விலை குறைவாகக் கிடைக்கும். நஞ்சையை வீட்டுமனையாக மாற்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. நிரப்பிய மண்ணிலேயே வானம் தோண்டிக் கட்டினால் மண் ஒரே சீராக அமராது, இரண்டாம் மழைக்குச் சுவர் கீறும். அஸ்திவாரம் பழைய கெட்டி மண்ணைத் தொட வேண்டும், இல்லையென்றால் பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் மனை என்றால், அருகில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபராவது கம்பம் வரை வந்திருக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டில் இரவு எட்டு மணிக்கு வேகம் சோதிக்கச் சொல்லி, அப்லோடு எண்ணைக் கேளுங்கள். தெளிவான வீடியோ கால் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் வேண்டும்.

2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டினால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக நீங்களே உறுதி கொடுப்பது) உடனே அனுமதி கிடைக்கிறது. அனுமதி கையில் வந்த தைரியத்தில் மேலே இன்னொரு அறை எழுப்பினால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

வில்லா கட்டி விற்பவர்களும் இதே கணக்கில்தான் தவறுகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத மூலைக்கு 'ஆபீஸ் ஸ்பேஸ்' என்று பெயர். யாரும் உட்காராத பொது ஹாலுக்குச் செலவழிப்பதைவிட, பொது ஜெனரேட்டரில் இருந்து வீட்டுக்கு ஒரு 6 ஆம்பியர் சர்க்யூட் கொடுத்தால் வாங்குகிறவர் நன்றி சொல்வார். 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல் இடமோ, எட்டுக்கு மேல் வீடோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

சொந்தமாகக் கட்டுகிறவர்கள் பூச்சு தொடங்கும் முந்தின நாள், ஆபீஸ் அறையின் நாலு சுவரையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து வையுங்கள். தரையில் இருந்தும் மூலையில் இருந்தும் ஒவ்வொரு பைப்பும் எத்தனை அங்குலம் என்று தெரியும்படி டேப்பை விரித்துப் பிடித்து எடுக்க வேண்டும். அலமாரி மாட்ட ஆசாரி டிரில்லோடு வரும்போது அந்தப் போட்டோவைக் காட்டலாம்.