தந்திக்குப் பிறகு சேடில், கடைசியில் பிரிட்ஜ் பின்

அக்கூஸ்டிக் கிதாரின் சத்தத்தை மாற்றப் பணம் செலவழிக்கப் போகிறீர்களா? என் வரிசை இது: முதலில் புதுத் தந்திகள், அப்புறம் சேடில் (உடலில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையின் பள்ளத்தில் நின்று தந்திகளைத் தாங்கும் மெல்லிய பட்டை), அதன் பிறகு நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும், பள்ளம் வெட்டிய துண்டு), கடைசியாக பிரிட்ஜ் பின் (தந்தியின் நுனியைப் பிரிட்ஜில் பிடித்து வைக்கும் முளை). வாங்க வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். பித்தளைப் பின் பளபளக்கிறது, மாற்றவும் சுலபம், அதுதான் காரணம்.

என்னிடம் இருப்பது யமஹா எஃப்310. அதில் வரும் நட்டும் சேடிலும் யூரியா பிளாஸ்டிக். அவற்றுக்குப் பதிலாக எலும்பில் செய்தவை கிடைக்கின்றன. எலும்பைத் தேய்த்தால் கிளம்பும் வாடைக்கு எங்கள் வீட்டில் அனுமதி இல்லை, அதனால் எனக்கு மொட்டை மாடிதான் பட்டறை. தூள் மூச்சுக்குள் போகக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். எலும்பே வேண்டாம் என்பவர்களுக்கு கனடாவின் கிராஃப் டெக் செய்யும் டஸ்க் இருக்கிறது. செயற்கைப் பொருள், ஒரே சீராக இருக்கும், தேய்ப்பதும் எளிது.

வாங்கும் முன் பழைய சேடிலை அளந்துகொள்ளுங்கள். தடிமன் சிலதில் 2.4 மி.மீ., சிலதில் 3.2 மி.மீ. கொஞ்சம் தடித்ததாகவே வாங்கி, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்வது நல்லது. விரலால் அழுத்தினால் பள்ளத்தில் இறங்க வேண்டும், கிதாரைக் கவிழ்த்தால் விழக் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். தொளதொளவென்று இருந்தால் தந்தியின் இழுப்பில் முன்பக்கம் சாய்ந்துவிடும், மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி விலகும்.

உயரம்தான் முக்கியமான கட்டம். பழைய சேடிலைப் பக்கத்தில் வைத்து பென்சிலால் கோடு போடுங்கள். 12-வது ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஆக்‌ஷன், தடித்த ஆறாவது தந்திக்கு 2.5 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் எனக்குப் போதும். அங்கே அரை மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டும். எடுப்பது அடிப்பக்கத்திலிருந்து மட்டும். மேல்விளிம்பின் வளைவையும், இரண்டாவது தந்திக்காகப் பின்னால் தள்ளி வெட்டியிருக்கும் படியையும் தொட வேண்டாம். அடி துளிகூட வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும். சேடிலுக்கு அடியில் பிக்கப் (தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கான மின்சைகையாக மாற்றும் பட்டை) இருந்தால் இது இன்னும் அவசியம், இல்லையென்றால் ஒரு தந்தி கத்தும், இன்னொன்று முனகும். பசை வேண்டாம்.

நட்டையும் மாற்றுவதானால் வேலையில் அதை முதலில் முடித்துவிட்டு சேடிலுக்கு வாருங்கள், செலவு வரிசை வேறு. ஆனால் நட் பொருளின் வித்தியாசம் விரல் வைக்காத தந்தியில்தான் கேட்கும். டியூன் பண்ணும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி எகிறினால் தந்தி நட்டில் சிக்குகிறது. அதற்குப் புது நட் வேண்டியதில்லை, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஓரத்து வார்னிஷைப் பிளேடால் கீறிவிட்டு, ஃபிரெட் பலகைப் பக்கம் ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் கழன்று வரும். பள்ளங்களை அதற்கென்றே உள்ள மெல்லிய அரத்தால், தலைப்பக்கம் சரிவாக அராவ வேண்டும். சரிவு தப்பினால் தந்தி சித்தார் மாதிரி ஜிவ்வென்று இரையும். ஆழம் போதுமா என்று பார்க்க, இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அழுத்துங்கள். முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு காகிதம் நுழைந்தால் நிறுத்திவிடுங்கள். நட்டை ஒட்ட ஒரு சொட்டு ஃபெவிகால் போதும், அடுத்த முறை கழற்ற வேண்டி வரும்.

பிரிட்ஜ் பின் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: அதன் சரிவு 3 டிகிரியா 5 டிகிரியா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய பின் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பித்தளை எடை கூடுதல், சத்தம் கொஞ்சம் கூர்மையாகும், எனக்குப் பிடிக்கவில்லை. எலும்புப் பின்னும் கருங்காலிப் பின்னும் அழகுக்குத்தான். பின்னைவிட முக்கியம், தந்தியின் நுனியில் உள்ள உலோக உருண்டை உள்ளே பலகையில் பிடித்து உட்காருவது. பின்னைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே தந்தியை மேலே இழுங்கள். பின் எழும்பினால் உருண்டை இன்னும் சரியாக உட்காரவில்லை.

பழைய சேடிலைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரக் காற்றில் கிதாரின் மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும், வறண்ட வெயில் காலத்தில் இறங்கும். உயரம் வேறுபட்ட இரண்டு சேடில்களை உறையில் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.