நாடகமேடையிலிருந்து வந்த குணச்சித்திர நடிகையின் வாழ்க்கையை எழுதும் முறை

கதாநாயகியின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவருக்கு அவருடைய படங்களின் வெற்றி தோல்விகளே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். தாயாகவும் அத்தையாகவும் வேலைக்காரியாகவும் வம்புக்கார அண்டைவீட்டுப் பெண்ணாகவும் பல பத்தாண்டுகள் நடித்த ஒருவரை எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நடித்த படங்களின் வெற்றி வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். சுவரொட்டியில் அவர் முகம் இருக்காது. விமர்சனத்தில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரிதான். அதனால் தமிழில் இத்தகைய நடிகையரைப் பற்றி வரும் கட்டுரைகள் ஒரு படப் பட்டியலாகத் தொடங்கி ஓர் இரங்கலாக முடிந்துவிடுகின்றன. அவர் செய்த வேலை என்ன, அந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டார் என்ற இரண்டு கேள்விகளையும் முதலிலிருந்து கடைசிவரை கைவிடாமல் எழுதினால் இந்தக் குறையைத் தவிர்க்கலாம்.

தேடலைத் திரைப்படத்திலிருந்து தொடங்காமல் மேடையிலிருந்து தொடங்க வேண்டும். நாடக அனுபவம் உண்டு என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வது போதாது, ஏனெனில் தமிழ் நாடகம் ஒரே வகைப்பட்டதாக இருந்ததில்லை. கலைஞர்களை ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகப் பேசி அழைக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், ராஜபார்ட் (முதன்மை ஆண் வேடம்), ஸ்திரீபார்ட் (முதன்மைப் பெண் வேடம்), பஃபூன் (கோமாளி) என்று பாத்திரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஒத்திகை பார்க்காமலே எதிரில் நிற்பவரின் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஈடுகொடுக்கத் தெரிந்தால்தான் அங்கே நிலைக்க முடியும். ஊர் ஊராக முகாமிட்ட குழுக்களில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற சென்னைக் குழுக்களின் உலகம் வேறு. அங்கே நகரத்துப் பார்வையாளருக்கான உரையாடலும் நேரக் கணக்கும் முக்கியம். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் நடித்த மனோரமாவையும், நடனத்திலிருந்து வந்து சென்னைக் குழுக்களின் நாடகங்களில் நடித்த சுகுமாரியையும் ஒரே சொற்றொடரால் அறிமுகப்படுத்தினால், இருவருடைய நடிப்பும் ஏன் வேறுவேறாக இருந்தது என்பதைப் பின்னால் விளக்கவே முடியாது.

மேடைக் காலத்துக்குச் சான்று நாடக நோட்டீசுகள், விழா மலர்கள், பழைய பத்திரிகைகளில் வந்த சிறு விளம்பரங்கள். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய அச்சுப் பொருள்களைத் தேடத் தகுந்த முதல் இடம். நோட்டீசில் நடிகையின் பெயரோடு ஊர்ப் பெயரும் இருந்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்; அது பிறந்த ஊராக இல்லாமல் அப்போது தங்கியிருந்த ஊராகவும் இருக்கலாம். மனோரமா மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் வளர்ந்தவர் என்பதை நினைவில் வைத்தால் இந்த எச்சரிக்கையின் தேவை விளங்கும்.

அடுத்தது பெயர். எஸ். வரலட்சுமியும் ஜி. வரலட்சுமியும் ஒரே காலத்தில் தமிழிலும் தெலுங்கிலும் நடித்தவர்கள்; தலைப்பெழுத்தை விட்டுவிட்டால் ஒருவரின் படம் மற்றவரின் பட்டியலில் ஏறிவிடும். லட்சுமி, சரஸ்வதி, சரோஜா என்று வரும் பெயர்களிலெல்லாம் இதே ஆபத்து உண்டு. மனோரமா கோபிசாந்தாவாக இருந்ததுபோல, மேடைக்கு வருமுன் வேறு பெயரோடு இருந்தவர்களும் பலர். எனவே இயற்பெயர், மேடைப் பெயர், டைட்டில் கார்டில் வந்த வடிவங்கள் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகே படங்களைத் தேட வேண்டும்.

படப் பட்டியலைப் பொறுத்தவரை, தமிழ்ப் படங்களின் விவரங்களைத் திரட்டிய பிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பு பெருந்துணை. ஆனால் எந்தத் தொகுப்பிலும் முதன்மைக் கலைஞர்களின் பெயர்களே பெரும்பாலும் இடம்பெறும் என்பதால், நீங்கள் தேடுகிறவர் அதில் இல்லாமலே போகலாம். அப்போது கைகொடுப்பது திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் நடிகையர் பெயர், அவர்கள் ஏற்ற பாத்திரம், மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொல்லி நிறுத்தப்படும் கதைச் சுருக்கம் ஆகியவை அதில் இருக்கும். முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் காளிதாஸ் உட்பட அக்காலப் படங்கள் பலவற்றுக்குப் பிரதியே எஞ்சவில்லை. அவற்றில் நடித்தவர்களுக்குப் பாட்டுப் புத்தகமும் விளம்பரமும்தான் சாட்சி. படம் கிடைக்கிறது என்றால் டைட்டில் கார்டைப் பார்த்து, அதன்பின் முகத்தையும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கார்டில் பெயர் இல்லாமலே இரண்டு காட்சிகளில் வந்துபோகும் நடிகையை முகத்தால் மட்டுமே அடையாளம் காண முடியும். பிற மொழிப் படங்களை விட்டுவிடலாகாது: தமிழ் ரசிகர்கள் அம்மா வேடத்தில் நினைவுவைத்திருக்கும் பண்டரிபாய், கன்னடத்தில் முன்னோடிக் கதாநாயகியாகப் போற்றப்படுகிறார்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் பதிவு பெற்றவர். அதன்பிறகு அவரைப் பற்றி எழுதியவர்கள் ஆளுக்கோர் எண்ணைத் தந்தார்கள். சரிபார்த்த படங்கள் எத்தனையோ அத்தனையை மட்டும் உங்கள் கணக்காகச் சொல்லி, மற்ற எண்களை யார் சொன்னது என்ற குறிப்போடு தருவதே நேர்மை. என் கருத்தில், இந்த ஆயிரக் கணக்கு மனோரமாவுக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்திருக்கிறது. எண்ணைச் சொல்லி வியந்த பிறகு நடிப்பைப் பற்றிப் பேசத் தேவையில்லை என்று எழுதுகிறவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

நடிப்பைப் பற்றி எழுதுவதுதான் நூலின் நடுப்பகுதி. பலரும் தடுமாறுவதும் இங்கேதான். உருக்கினார், வாழ்ந்து காட்டினார், அசத்தினார் என்ற சொற்களை முதலில் விலக்கிவைக்க வேண்டும். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை ஒலியோடும் ஒருமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். தமக்கு வசனம் இல்லாத நேரத்தில் அவர் எங்கே பார்க்கிறார், கை என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்பே முகத்தில் பதில் வந்துவிடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலியை மட்டும் கேளுங்கள். கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலை எறிந்து பழகியவர் மைக்கின் முன்னால் அதை எப்படி அடக்கினார், எந்த இடத்தில் அடக்க மறுத்தார் என்பது அப்போது தெரியும். குரல் அவருடையதுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒரே நடிகையின் இரண்டு பாத்திரங்களை எதிரெதிரே வைப்பது இதில் பயன்தரும் வழி. எஸ்.என். லட்சுமி 1964இல் சர்வர் சுந்தரத்தில் நாகேஷின் தாயாக வந்தார். 1990இல் மைக்கேல் மதன காம ராஜனில் கண்ணில் படும் பொருளையெல்லாம் திருடும் பாட்டியாக வந்தார். முதலாவதில் மகனின் துயரத்துக்குக் காரணமாக நிற்க வேண்டும். இரண்டாவதில் எதுவும் நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்க வைக்க வேண்டும். இரண்டிலும் அவர் நடிப்பின் அளவை எங்கே நிறுத்துகிறார் என்று ஒப்பிட்டால், அம்மா வேட நடிகை என்ற முத்திரை எவ்வளவு பொய் என்பதை வாதிடாமலே காட்டிவிடலாம். பண்டரிபாயை எழுதுகிறவர் 1952ஆம் ஆண்டின் பராசக்தியில் கதாநாயகியாக வந்தவரையும் 1992ஆம் ஆண்டின் மன்னனில் ரஜினிகாந்தின் தாயாக வந்தவரையும் அருகருகே வைத்து, அந்த நாற்பது ஆண்டுகளில் உடல்மொழியில் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்கலாம்.

மேடையும் திரையும் ஒன்றையொன்று தொடும் பாத்திரம் இருந்தால் அதற்குத் தாராளமாகப் பக்கம் ஒதுக்குங்கள். 1968ஆம் ஆண்டின் தில்லானா மோகனாம்பாளில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக் கலைஞர். மேடையில் பெற்ற அனுபவமே அங்கே நடிப்புக்குக் கச்சாப்பொருளாகிறது. ஒரு நாடகக்காரி மேடையை விட்டு இறங்கிய பிறகும் எப்படி மேடைக்காரியாகவே நடந்துகொள்வாள் என்பதை, உள்ளிருந்து அறிந்தவர் மட்டுமே அவ்வளவு பரிவோடு கேலி செய்ய முடியும். அவர் 1958இல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கையில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமாகி, 1963இல் கொஞ்சும் குமரியில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்த பிறகு வந்த பாத்திரம் இது என்ற வரிசையையும் வாசகருக்கு நினைவூட்ட வேண்டும்.

நடிகையோ அவரோடு நடித்தவர்களோ உயிரோடு இருந்தால் பேட்டி எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. வாழ்க்கையில் மறக்க முடியாத நிகழ்ச்சி எது என்பது போன்ற கேள்விக்குப் பலமுறை சொல்லித் தேய்ந்த பதிலே கிடைக்கும். சம்பளம் நாளுக்கா மாதத்துக்கா, ஒரு முகாமில் எத்தனை நாடகம், புடவையும் நகையும் யார் பொறுப்பு, வசனத்தைப் படித்துக் காட்டியவர் யார், கால்ஷீட் மோதியபோது எதை விட்டுக்கொடுத்தார் என்று தொழிலைக் கேளுங்கள். பழைய நோட்டீசையோ பாட்டுப் புத்தகத்தையோ கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், கேட்காத செய்திகளும் வரும். ஆண்டைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த நேரம் என்று கேட்டு, ஆண்டை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

விருதுகளை மிகச் சுருக்கமாக எழுதலாம், ஆனால் ஒரு விளக்கத்தோடு. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்படுகிறது. மனோரமா புதிய பாதைக்காகவும் சுகுமாரி நம்ம கிராமத்துக்காகவும் அதைப் பெற்றார்கள். அதற்கு முன்பே தம் சிறந்த வேடங்களைச் செய்து முடித்துவிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல், விருது பெறாதவர் என்று எழுதுவது அநியாயம்.

குடும்பச் செய்திகளில், அவரே பொதுவெளியில் பேசியவற்றையும் தொழிலின் போக்கை மாற்றியவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். படப் பட்டியலைக் கதையின் நடுவே திணிக்காமல் பின்னிணைப்பாக்கி, ஆண்டு, மொழி, பாத்திரம், எதைப் பார்த்து உறுதிசெய்தீர்கள் என்ற நான்கு விவரங்களையும் ஒவ்வொரு படத்துக்கும் தாருங்கள். உறுதியாகாதவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஊர்ப் பெயர்களையும் உறவுமுறைகளையும் குடும்பத்தார் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நடிப்பைப் பற்றிய உங்கள் மதிப்பீட்டை மட்டும் அவர்களுடைய ஒப்புதலுக்கு விடாதீர்கள்.