ஓட்டைப் பிரிக்கும் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

கடையம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுக் கூரையை மாற்றியபோது நாங்கள் செய்த முதல் தப்பு, வைகாசிக் கடைசியில் ஓட்டைப் பிரித்தது. "பத்தே நாள்ல முடிச்சிரலாம் அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. பாதிக்கு மேல் பணத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு நாலாம் நாள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார், ஆனி பிறந்ததும் சாரல் வந்துவிட்டது, நடுக்கூடத்தில் வானம் தெரிய நெல் மூட்டையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு கிடந்தோம்.

மேற்கே தென்காசி, செங்கோட்டை ஆட்களுக்கு இரண்டு மழை: ஆனி ஆடிச் சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகை. தையிலிருந்து பங்குனி வரைதான் நிம்மதியாக வேலை பார்க்கலாம். கிழக்கே கொஞ்சம் தாராளம் என்றாலும் கார்த்திகை முடிந்தது, இனி மழை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். 2023-ல் கிழக்குக் கடலோரம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது மார்கழி பிறந்த அன்றுதான்.

ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றுவது இன்னொரு தப்பு. தண்ணீர், ஓடு உட்காரும் ரீப்பர் கட்டை வழியே ஓடி எங்கோ போய்ச் சொட்டும். பகலில் கதவு சன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். ரீப்பரையும் ஒரு ஆணியால் குத்திப் பார்த்துவிடுங்கள், ஆணி பொசுக்கென்று இறங்கினால் செல் அரித்திருக்கிறது, மேலே புது ஓடு போட்டுப் பிரயோஜனமில்லை. ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும், ஏனென்றால் மங்களூர் ஓடு எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி காடி, அதாவது ஓட்டோடு ஓடு கோர்க்கும் பள்ளம், மாறும், ஒன்றில் ஒன்று உட்காராது. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல்தான்.

ஓடே வேண்டாம், தகர சீட் போதும் என்றால் சரி, ஆனால் ஆடிக் காற்றை மறந்துவிடாதீர்கள். கயத்தாறில் காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறான்! காற்று மேற்கே இருந்து வருவதால் சீட்டைக் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி அடுக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். இது தெரியாத ஆள் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடலாம். ஸ்க்ரூ சீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும்.

ஆள் பிடிக்கும்போது புதுசாக முடித்த வீட்டைக் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு இரண்டு மழை தாண்டிய வீட்டைக் கேளுங்கள், அந்த வீட்டு ஆச்சியிடம் தனியாக விசாரியுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் அதில் ரீப்பர், முகட்டு ஓடு, சாரம், உடைகிற ஓடு எல்லாம் அடக்கமா என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். காசு வேலையின் பின்னால்தான் போக வேண்டும். அன்றைக்கு மூட முடிகிற அளவுக்கு மட்டும் அன்றைக்குப் பிரிக்கச் சொல்லுங்கள், தார்ப்பாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

பழைய மரம் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நாங்கள் பேசவில்லை. எங்கள் வீட்டுத் தேக்குச் சட்டம் இப்போது ஒரு டீக்கடையில் பெஞ்சாகக் கிடக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதில்தான் உட்காருகிறேன்.