புல் மைதானத்தில் தண்ணீர் தேங்குவது ஏன்? வடிகால் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தானும் நியூசிலாந்தும் ஆட வேண்டிய டெஸ்ட், ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. கடைசி நாட்களில் மழை விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் நாள் பகலில் மழை இல்லாமலே ஆட்டம் நடக்கவில்லை. ஈரம் காயாத இடங்களில் மின்விசிறி வைத்துப் பார்த்தார்கள். ஈரத் தரையை வெட்டி எடுத்துவிட்டு வேறு இடத்துப் புல்லைக் கொண்டுவந்து பதித்தார்கள். அதே மாதக் கடைசியில் கான்பூரில் இந்தியா–வங்கதேச டெஸ்டின் மூன்றாம் நாளும், பகலில் மழை இல்லாதபோதே, அவுட்ஃபீல்ட் (பிட்ச்சைச் சுற்றியுள்ள புல்தரை) காயாததால் வீணானது. மின்விசிறியும், தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சூப்பர் சாப்பர் வண்டியும் மேலே நிற்கிற தண்ணீரைத்தான் பார்க்கும். கோளாறு இருப்பது புல்லுக்குக் கீழே. அதுவும் பெரும்பாலும் முதல் பத்து சென்டிமீட்டரில்.

நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி மைதானங்களிலும் இதைப் பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் தண்ணீர். சித்திரையில் அதே தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்து, ஒன்றுக்குப் பைப் புதைக்கிறார்கள், இன்னொன்றுக்கு ஸ்பிரிங்க்லர் போடுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். மண்ணுக்குள் பெரிய துளைகளும் சிறிய துளைகளும் உண்டு. பெரிய துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே வரும். சிறிய துளையில் ஈரம் தங்கும். தரை இறுகினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். அப்புறம் மழை உள்ளே இறங்காது, வேரும் ஆழம் போகாது. வேர் மேலாகவே நிற்கும் புல், அடியில் ஈரம் இருந்தாலும் வெயிலில் வாடிவிடும்.

தோண்டிப் பார்க்காமல் வேலை தொடங்குவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஒரு மண்வெட்டி போதும். தண்ணீர் தேங்கும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்கு நேராக வெட்டி, பக்கச் சுவரைப் பாருங்கள். நம் மைதானங்களில் அது அநேகமாக அடுக்கடுக்காகத்தான் இருக்கும். மேலே போன வருஷம் மட்டம் பண்ணக் கொட்டிய செம்மண், அதற்குக் கீழே ஏரி வண்டல், அதற்கும் கீழே கட்டிட இடிபாடு. அடுக்கு மாறுகிற இடத்தில் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். அங்கே மண் கருத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால், காற்றே போகாமல் ரொம்ப நாளாகத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் சுலபம். ஆறு அங்குல பிவிசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி, தரைக்குள் பாதி இறங்கும்படி அடியுங்கள். தண்ணீர் ஊற்றி முதலில் மண்ணை ஊறவிட்டு, மறுபடி ஊற்றி ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளவெடுங்கள். புதிதாகப் போட்ட மணல் படுகையில் மணிக்கு 150 மி.மீ. வரையும் அதற்கு மேலும் இறங்கும். மிதிபட்டு இறுகிய களிமண்ணில் 5 மி.மீ.கூட இறங்காது. கோல் போஸ்ட் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று எடுத்தால், கோளாறு மைதானம் முழுக்கவா, மிதிபடும் இடத்தில் மட்டுமா என்பது தெரிந்துவிடும். பல இடங்களில் கோல் முன்னால் மட்டும்தான் தேங்கும். அதற்கு மைதானம் முழுக்கத் தோண்டத் தேவையே இல்லை.

களிமண்ணில் கொஞ்சம் மணல் கலப்பது

நல்ல எண்ணத்தில் செய்து காசையும் மைதானத்தையும் கெடுத்துக்கொள்வது இதில்தான். "தண்ணி நிக்குதா? நாலு லோடு மணல் அடிங்க" என்பார்கள். மணல் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றால்தான் நடுவே துளை கிடைக்கும். கலவையில் முக்கால் பங்குக்கு மேல் மணல் இருந்தால்தான் அது நடக்கும். அதற்குக் குறைந்தால் துகள்களுக்கு இடையே களிமண் போய் அடைத்து, முன்பைவிடக் கெட்டியாக இறுகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 105 மீட்டருக்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் என்றால் 7,140 சதுர மீட்டர். பத்து யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) மணலை அதில் பரப்பினால் வெறும் 4 மி.மீ. கனம்தான் வரும். பத்து சென்டிமீட்டர் வேண்டுமென்றால் சுமார் 250 யூனிட். அவ்வளவு காசு இல்லையென்றால் கலக்காதீர்கள். அதே காசில் மணல் கீறல் போடலாம். இரண்டு அங்குல அகலம், ஓர் அடி ஆழத்தில் குறுகிய கோடுகளாகக் கீறி, மேல்மட்டம் வரை மணலாலேயே நிரப்பி, கீழே உள்ள வடிகாலோடு இணைப்பது. மண்ணை மாற்றாமலே தண்ணீருக்கு வழி கிடைக்கும்.

எந்த மணல் என்பதிலும் கவனம் வேண்டும். கட்டிடத்துக்கு வரும் எம்-சாண்டில் கல் தூள் இருப்பது அனுமதிக்கப்பட்டதுதான், கான்கிரீட்டுக்கு அது பரவாயில்லை. மைதானத்தில் அந்தத் தூளே துளையை அடைக்கும். பூச்சு வேலைக்கான மணல் இன்னும் மோசம். கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரையுள்ள துகள்கள் பெரும்பங்கு இருக்கும் கழுவிய மணலாகப் பார்த்து, சலித்துச் சோதித்து வாங்குங்கள்.

பைப்பைப் புதைத்து மேலே மண்ணை மூடுவது

பள்ளம் எடுத்து, துளையிட்ட பைப் வைத்து, ஜல்லி போட்டு, கடைசியில் தோண்டிய அதே களிமண்ணை அரை அடிக்கு மேலே போட்டு மிதித்து, புல் பதிப்பார்கள். முதல் மழையிலேயே பழைய இடத்தில் தண்ணீர் நிற்கும். பைப் மேல் பழி. பைப் காலியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் அதுவரை வரவே இல்லை! மேல்மட்டத்திலிருந்து பைப் வரைக்கும் வழி அறுபடக் கூடாது. ஜல்லிக்கு மேலே தரைமட்டம் வரை முன்பு சொன்ன கழுவிய மணல்தான் வர வேண்டும்.

புல் வாங்கும்போதும் இதே தவறு நடக்கிறது. மணல் படுகையெல்லாம் கச்சிதமாகப் போட்டுவிட்டு, களிமண்ணில் வளர்த்த புல் பாளங்களைக் கொண்டுவந்து விரிப்பார்கள். ஒரு அங்குலக் களிமண் தோல் மைதானம் முழுக்க மூடிவிடும். அருகம்புல் வகைகளைத் தண்டு நறுக்கி நட்டால் நன்றாகவே படரும். கொஞ்சம் பொறுத்தால் போதும், இந்தத் தலைவலி இல்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும், நிறையப் பேர் குழம்புவது இதில்தான். மணலுக்குக் கீழே ஜல்லி போட்டால் தண்ணீர் உடனே ஓடிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடக்காது. மணலின் சிறு துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் அது எளிதில் இறங்காது. மேலே தண்ணீரின் எடை சேர்ந்த பிறகுதான் சொட்டும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் வரும். உயரம் கூடினால் கீழே வடியும் அளவும் கூடும். அதனால்தான் கோல்ஃப் புல்தரைகளுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-லிருந்து சொல்லிவரும் முறையில் 30 செ.மீ. மணல் படுகை, அதற்குக் கீழே 10 செ.மீ. ஜல்லி. அடியில் தங்கும் ஈரம் வேருக்கு இருப்பு, மேல்பகுதி காற்றோட்டமாக இருக்கும். செலவைக் குறைக்கப் படுகையை 15 செ.மீ. ஆக்கினால் அடி ஈரம் மேல்மட்டத்துக்கே வந்துவிடும். ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 40 என்று கனம் மாறினால் மேடு காயும், பள்ளம் சொதசொதக்கும்.

வாட்டத்தை மறப்பது

சாதாரண மண் மைதானத்தில் பாதிக்கு மேற்பட்ட மழைநீர் மேலேயே ஓடித்தான் போக வேண்டும். 50 மி.மீ. மழை அந்தக் கால்பந்து மைதானத்தில் மூன்றரை லட்சம் லிட்டர். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் வைத்தால், நடு 34 செ.மீ. உயர்ந்திருக்கும். ஆடுகிறவர்களுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். கண்மட்டத்தில் பார்த்து முடிவெடுக்காமல் டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் சர்வே கருவி) வைத்து அளவெடுப்பது அவசியம்.

அப்புறம், போய்ச் சேரும் இடம். தெரு ரோட்டை வருஷா வருஷம் மேலே மேலே போட்டு உயர்த்துகிறார்கள், மைதானம் தாழ்ந்துபோகிறது. மைதான வடிகாலின் வாய் தெருக் கால்வாயைவிடத் தாழ்ந்திருந்தால், பெருமழையில் தண்ணீர் உள்ளேதான் வரும். அங்கே சேமிப்புத் தொட்டி வைத்து மோட்டாரால் வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தத் தண்ணீரைக் கோடைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஈரத்தில் ஏற்றுவது

மழை விட்ட மறுநாள் ரோலர் ஓட்டுவது, பந்தல் சாமான் லாரியை உள்ளே விடுவது, கார் நிறுத்துவது. மண் அரை ஈரமாக இருக்கும்போதுதான் அதிகமாக இறுகும். ஒரு மாலைக் கூட்டம் போதும், வருஷ உழைப்பு போய்விடும். பிட்ச்சுக்குக் களிமண்ணும் ரோலரும் தேவை. ஆனால் அந்த ரோலர் அவுட்ஃபீல்டைத் தாண்டிப் போகும் பாதை ஒன்றாகவே இருக்கட்டும், ஈரத்தில் வேண்டாம்.

இறுகிவிட்டால், புல் வேகமாக வளரும் கோடையில், உள்ளீடற்ற குழல் முனையால் மூன்று நான்கு அங்குலம் துளைத்து மண்ணை வெளியே எடுத்து, அந்தத் துளையை மணலால் நிரப்புங்கள். ஆணி போன்ற முனையால் வெறுமனே குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும்.

தினமும் கொஞ்சம் தண்ணீர்

தினமும் பத்து நிமிடம் தெளித்தால் மேல் அங்குலம் மட்டும் நனையும், வேரும் அங்கேயே நிற்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, அதிகாலையில், அரை அடி நனைகிற மாதிரி விடுங்கள். சுத்த மணல் படுகைக்கு இடைவெளி குறையும். கடலோரப் போர் தண்ணீரில் சோடியம் அதிகமானால் களிமண் கலைந்து துளை அடைபடும். ஜிப்சம் உதவுவது அந்த நிலைக்கு மட்டும்தான். தண்ணீரையும் மண்ணையும் சோதிக்காமல் எல்லா மைதானத்துக்கும் ஜிப்சம் மூட்டை இறக்குவதில் பயனில்லை.

பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2015 நவம்பரில் தென்னாப்பிரிக்க டெஸ்டின் நான்கு நாட்கள் மழையில் போயின. 2017-ல் அங்கே மணல் படுகைக்குக் கீழே உள்ள வடிகால் பைப்புகள் வழியாகவே காற்றை உறிஞ்சி நீரை இழுக்கும் சப்ஏர் அமைப்பைப் பொருத்தினார்கள். 2024 அக்டோபரில் நியூசிலாந்து டெஸ்டின் முதல் நாள் முழுக்க மழை, மறுநாள் காலையே ஆட்டம் தொடங்கியது. எல்லாராலும் அந்த இயந்திரம் வாங்க முடியாது. ஆனால் அந்த உறிஞ்சல் வேலை செய்வதே, புல்லிலிருந்து பைப் வரை அடைப்பில்லாத மணல் இருப்பதால்தான்.

பைப் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை அலுவலகச் சுவரில் மாட்டி வையுங்கள். அது இல்லாத மைதானத்தில் ஷாமியானா கம்பு அடிக்கிறவர் பைப்பைத் துளைத்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த மழை வரை யாருக்கும் தெரியாது. ஆவணி முடிவதற்குள் வடிகால் வாயைத் திறந்து, ஒரு குடம் தண்ணீரை மேல் முனையில் ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.