சிமெண்ட்டை உரித்த பிறகு: ஒரு பண்ணை வீட்டில் என் அனுபவம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய பண்ணை வீடு ஓக் மரச்சட்டங்களால் ஆனது; சட்டங்களின் இடைவெளிகளில் வரிச்சுகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்.

வடக்குச் சுவரின் அடியில் தீராத ஈரமும் பூஞ்சை வாடையும் இருந்தன. தரையிலிருந்து ஈரம் ஏறுவதாக எண்ணி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை 2 மாதம் ஓட்டினேன். மின்கட்டணம் ஏறியதுதான் மிச்சம். உண்மையான காரணம், பிற்காலத்தில் யாரோ வெளிப்புறத்தில் பூசிய சிமெண்ட். மரம் பருவத்திற்கேற்ப விரிந்து சுருங்க, நெகிழாத சிமெண்ட்டில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே நுழைந்த மழைநீர் உலர வழியின்றித் தங்கி, செங்குத்துச் சட்டங்கள் அனைத்தும் ஊன்றி நிற்கும் அடிச்சட்டத்தை அழுகச் செய்திருந்தது.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் உள்ளாட்சியின் அனுமதி பெற்றே தொடங்கினோம். சிமெண்ட்டை உளியால் மெல்ல உரித்து, மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்த பின், தச்சர் அழுகிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புதிய ஓக் துண்டைப் பழைய மரத்தோடு சரிவாகக் கவ்வும்படி செதுக்கிப் பொருத்தி, ஓக் முளைகளால் இறுக்கினார். முழுச் சட்டத்தையும் மாற்றிவிடலாம் என்றேன். அவர் மறுத்தது நல்லதாயிற்று.

பிறகு ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தை 3 அடுக்குகளாகப் பூசினோம். இறுகுமுன் உறைபனி பட்டால் சாந்து உதிர்ந்துவிடும் என்பதால் அந்த வேலை மே மாதம் வரை காத்திருந்தது. சுவரையொட்டிக் குவிந்திருந்த மண்ணையும் அகற்றி அடிச்சட்டத்தை விடுவித்தோம். அடுத்த குளிர்காலத்தில் வாடை வரவில்லை. புதிய ஓக் உலர்ந்து சுருங்கிய இணைப்பில் மட்டும் சிறு இடைவெளி தெரிகிறது.